டிரஸர் ஐயா பதில்கள்: ஊற்றிய தண்ணீர் வீணா?

போன மாதம் தபாலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சபைச் சண்டை. மாத்திரை, மூட்டுவலி பற்றிக் கேட்டவர்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இரத்த அழுத்தக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும். அதுவரை மருந்தை நிறுத்த வேண்டாம்.

பெரியப்பாவின் துக்க வீட்டில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னோம். கத்தோலிக்க உறவினர்கள் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்கள். எங்களுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. வேண்டுமென்றே செய்கிறார்களா?
*வாசகர், கோலகங்சார்*

இல்லை தம்பி. அவர்களுக்கு ஜெபம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ‘தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும், ஆமென்’ என்று நிறுத்தித்தான் சின்ன வயதிலிருந்து படித்திருப்பார்கள். நாம் அதற்குப் பிறகும் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று போகிறோம். மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்தக் கடைசி வரி இல்லை; பிற்காலப் படிகளில் இருக்கிறது. நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் அந்தப் பிற்காலப் படிகளைப் பின்பற்றியது. அதற்காக யாரோ இட்டுக்கட்டியதும் அல்ல. டிடாக்கே என்ற ஆதித் திருச்சபைக் கையேட்டிலேயே ஏறக்குறைய அதே முடிவு இருக்கிறது. கத்தோலிக்கர் திருப்பலியிலும் அதைச் சொல்கிறார்கள். என்ன, நடுவில் சாமியார் ஒரு சின்ன ஜெபம் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்கள்.

1991இல் என் மாமனார் அடக்கத்தில் இதே கதை நடந்தது. கத்தோலிக்கரான மனைவி வீட்டார் நிறுத்தினார்கள். மெதடிஸ்டுகள் நாங்கள் ஐந்தாறு பேர், ஓட்டப் பந்தயத்தில் கடைசிச் சுற்று போல, குரலை உயர்த்தி முடித்தோம். அதில் உரக்கச் சொன்னவன் நான். பெட்டி மேல் கை வைத்திருந்த மாமியார் தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் எங்கள் வீட்டு ஜெபத்தில் தொடங்குவதற்கு முன்பே யாராவது ஒருவர், ‘முழுசா சொல்றோமா, ஆமென்னோட நிறுத்துறோமா?’ என்று கேட்டுவிடுவது வழக்கம்.

எந்தச் சபையில் சேர்ந்தால் மோட்சம் நிச்சயம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
*வாசகர், ரவாங்*

34 வருஷம் தோட்டத்து டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தேன். மருந்து கொடுத்திருக்கிறேன், ஊசி போட்டிருக்கிறேன். யாருக்கும் உத்தரவாதச் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை.

டிரஸர் ஐயா, என்னை உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. 1989இல் தோட்டத்து மூன்றாவது லயத்தில் (வரிசை வீடுகளில்) ஏழு மாதத்தில் பிள்ளை பெற்றவள் நான். அன்று நீங்கள்தான் என் மகனுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தீர்கள். இப்போது அவனுக்கு 36 வயது. மனைவியோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். அடுத்த மாதம் ஆற்றில் முழுக்கு எடுக்கப் போகிறானாம். ‘குழந்தையில கொடுத்ததெல்லாம் கணக்குல வராதும்மா’ என்கிறான். அப்படியானால் நீங்கள் ஊற்றிய தண்ணீர் வீணா? அன்றைக்கு நான் போவதா, வேண்டாமா?
*ஒரு தாய், சுங்கை சிப்புட்*

நினைவிருக்கிறது தங்கச்சி. மறக்கக்கூடிய இரவா அது?

டிசம்பர் மழை. ஓடையில் தண்ணீர் ஏறி, வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கோடு நான் வந்து சேர்ந்தபோது மருத்துவச்சிப் பாட்டி பிள்ளையை எடுத்துப் பழந்துணியில் வைத்திருந்தார். இரண்டரை கட்டிகூட (ஒன்றரை கிலோ) தேறாது. உதடு நாவல்பழம் தின்றது போல நீலம் பாரித்திருந்தது. பஞ்சைச் சுற்றி, வெந்நீர்ப் போத்தலை இரண்டு பக்கமும் அணைத்து வைத்தேன். அதற்கு மேல் என் பெட்டியில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பியபடியே, ‘ஐயா, தண்ணி ஊத்துங்க’ என்றீர்கள்.

‘நான் மெதடிஸ்டு ஆளாச்சே’ என்றேன். பக்கத்து வீட்டுப் பாட்டி செபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு, ‘அவசரத்துக்கு யாரும் ஊத்தலாம் ஐயா, ஃபாதரே சொல்லியிருக்காரு’ என்றார். ஊசிக்காகக் கொதிக்க வைத்த தண்ணீர் கிட்னி டிரேயில் ஆறிக் கிடந்தது. மூன்று விரலால் அள்ளி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்று மூன்று முறை தலையில் விட்டேன். ஆயிரக்கணக்கில் ஊசி போட்ட கை, அன்றைக்குத்தான் நடுங்கியது. உங்கள் மகன் தண்ணீர் பட்டதும் முகத்தைச் சுளித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான். அவனிடமிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். அற்புதம் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். தண்ணீர் குளிர்ந்திருந்தது என்று நான் நினைத்தேன். இன்று வரை நானும் அந்தப் பாட்டியும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. அவர் இறந்தே 20 வருஷம் ஆகிறது.

விடிந்து தண்ணீர் வடிந்ததும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, கண்ணாடிப் பெட்டி, மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அடுத்த வாரம் சாமியார் என்னைத் தேடி கிளினிக்குக்கு வந்தார். என்ன தண்ணீர், தலையில் ஓடியதா, என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டார். கோயில் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். நான் மெதடிஸ்டு என்று அவரிடமும் சொன்னேன். ‘நீங்க யாருங்கிறது கேள்வி இல்ல, என்ன செஞ்சீங்கங்கிறதுதான் கேள்வி’ என்றார். பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு எண்ணெய் பூசினார்கள், மெழுகுவத்தி கொடுத்தார்கள். தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றவில்லை.

அது அந்தச் சாமியாரின் பெருந்தன்மை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் படித்தேன், 1600 வருஷத்துப் பழைய வழக்கு அது. வட ஆப்பிரிக்காவில் 4ஆம் நூற்றாண்டில் டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினர், துரோகம் செய்த குருவின் கையால் வாங்கிய ஞானஸ்நானம் செல்லாது என்றார்கள். கொடுப்பது மனிதனல்ல, கிறிஸ்துவே கொடுக்கிறார் என்று ஆயர் அகுஸ்தீனார் அவர்களோடு வாதாடினார். அந்த வாதத்தின் நிழலில்தான் சாமியார் என் கிட்னி டிரேயை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கத்தோலிக்கத் திருச்சபைப் போதனைப்படி அந்தத் தண்ணீர் வீணாகாது, வீணாகவும் முடியாது. ஒரு முறை கொடுத்தது அழியாது. மெதடிஸ்டான நானும் அதையே நம்புகிறேன். உங்கள் மகன் சபையில் நம்பிக்கை முந்தி, தண்ணீர் பிந்தி. பிலிப்பு எத்தியோப்பிய அதிகாரிக்கு வழியில் கொடுத்ததுபோல, கேட்டு, நம்பி, தானாக இறங்க வேண்டும். அவன் கண்ணில் இது இரண்டாவது ஞானஸ்நானம் அல்ல, முதலாவது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. ‘எல்லாம் ஒன்னுதாம்மா, எந்தத் தண்ணியா இருந்தா என்ன’ என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். அது உங்களுக்கும் மரியாதை இல்லை, அவனுக்கும் மரியாதை இல்லை. 36 வயது ஆண்பிள்ளை நாலு பேர் பார்க்க ஆற்றில் இறங்குகிறான் என்றால் அவனுக்கு இரண்டும் ஒன்றல்ல. மழை இரவில் பெற்ற வலியோடு தண்ணீர் கேட்டீர்களே, உங்களுக்கும் இரண்டும் ஒன்றல்ல.

இந்தத் தண்ணீருக்காக ஆட்களைக் கொன்றிருக்கிறார்கள். 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் சிலர், குழந்தையில் கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை என்று சொல்லி ஒருவருக்கொருவர் புதிதாகக் கொடுத்துக்கொண்டார்கள். உங்கள் மகன் சொல்கிற அதே வாதம். 1527 ஜனவரி 5ஆம் தேதி அவர்களில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கட்டி லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். முழுக்குக் கேட்டவனுக்கு முழுக்கு. கொன்றவர்கள் கத்தோலிக்கர் அல்ல. போப்பாண்டவரை எதிர்த்து வெளியே வந்து சில வருஷமே ஆகியிருந்த சீர்திருத்தக்காரர்கள். சூரிச் சீர்திருத்தச் சபை 2004இல்தான் அதே ஆற்றங்கரையில் கல் பதித்து மன்னிப்புக் கேட்டது. இப்படிக் கொடுமைப்பட்டவர்களின் வழிவந்த மென்னோனைட்டுகளிடம் லூத்தரன் உலகக் கூட்டமைப்பு 2010இல் மன்னிப்புக் கேட்டது. குழந்தை ஞானஸ்நானத்தை அந்த இரண்டு சபைகளும் விட்டுவிடவில்லை. கொள்கையை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார்கள். உங்கள் மகன் இறங்கப் போவது பிளஸ் ஆறு. ஏறியும் வந்துவிடுவான், கவலைப்படாதீர்கள்.

போங்கள் தங்கச்சி. கரையில் நில்லுங்கள். துண்டு ஒன்று எடுத்துப் போங்கள். அந்த ஆற்றுத் தண்ணீர் காலையில் சில்லென்று இருக்கும். உங்களுக்குச் சம்மதமில்லாத வார்த்தைக்கு ‘ஆமென்’ சொல்ல வேண்டியதில்லை. யாராவது மைக்கை நீட்டி, மகன் இரட்சிக்கப்பட்டது பற்றிச் சொல்லுங்கள் என்றால், ‘அவன் எனக்குப் பிறந்தப்பவே ஆண்டவர் காப்பாத்தினாரு’ என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுங்கள். முடிந்தால் அதற்கு முன்பே, ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, அந்த இரவின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அவனைத் தடுக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள், அவனுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள்.

மகனுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவனிடம் காட்டுங்கள். தம்பி, முழுக்குக்கு முன்னால் சாட்சி சொல்லச் சொல்வார்கள். குடியை விட்டதைச் சொல், கோபத்தை விட்டதைச் சொல். ‘விக்கிரக ஆராதனைக் குடும்பத்தில், இருட்டில் பிறந்தேன்’ என்று மட்டும் உன் அம்மா கரையில் நிற்கும்போது சொல்லாதே. நீ பிறந்தபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இருட்டு வெளியே இருந்தது.

நாங்கள் லூத்தரன் சபை. மகன் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டுகிறான். மாதா கோயிலில் திருமணத் திருப்பலியாம். எங்களுக்கு மட்டும் நற்கருணை கிடையாதாம். சம்பந்தி வீட்டார் முன்னால் எங்களை இரண்டாம் தரமாக்குவது இல்லையா?
*வாசகர், தெலுக் இந்தான்*

வலிக்கும். எனக்கு 41 வருஷமாக வலிக்கிறது. 1984இல் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அவளோடு கோயிலுக்குப் போவேன். நற்கருணை நேரத்தில் பெஞ்சு முழுக்க எழுந்து போகும்; நான் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிடுவேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போய், தாண்டி வந்து முழங்காலிடுவார்கள். என் மூட்டுக்கு அந்தப் பெஞ்சு மனப்பாடம்.

கலியாணமான புதிதில் அவளை எங்கள் மெதடிஸ்டு சர்ச்சுக்கு அழைத்துப் போனேன். எங்கள் பந்தி ஞானஸ்நானம் வாங்கிய எல்லாருக்கும் திறந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ‘எங்க பந்தி உனக்கு ஆகாதா?’ என்று கத்தினேன். ‘நீங்க நம்புறது வேற, நாங்க நம்புறது வேற. நான் வந்து வாங்கினா அது பொய்யாயிடும்ல?’ என்றாள். பசியாறிக்கொண்டிருந்தேன், தோசை தொண்டையில் நின்றது. அவர்களுக்கு நற்கருணை, ஒன்றாகிவிட்டோம் என்பதற்கு அடையாளம். எங்களுக்கு அது, ஒன்றாகிற வழியில் சாப்பிடுகிற சாப்பாடு. அவமதிப்பு என்று நான் நினைத்தது அவர்கள் பக்கத்தில் நேர்மை.

பெரியவர்கள் பேசாமலும் இல்லை. மனிதன் தேவனுடைய கிருபையாலேயே நீதிமானாகிறான் என்ற விஷயத்தில், உங்கள் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. லூத்தர் தொடங்கிய சண்டையின் நடுமையம் அது. எங்கள் மெதடிஸ்டுகள் 2006இல் சேர்ந்துகொண்டார்கள். அப்படியும் பந்தி இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது.

கையில் எடுக்கக்கூடிய வழி ஒன்று சொல்கிறேன். கத்தோலிக்கர் அல்லாத, ஆனால் ஞானஸ்நானம் பெற்ற ஒருவரைக் கட்டும்போது ஆயரின் அனுமதி வாங்க வேண்டும். அதற்காக எப்படியும் சாமியாரைப் பார்க்கப் போவீர்கள். அப்போது, திருப்பலி இல்லாத திருமணச் சடங்கு வைக்கலாமா என்று கேளுங்கள். வேதவாசகம், வாக்குறுதி, மோதிரம், ஆசீர்வாதம் எல்லாம் இருக்கும். கலப்புத் திருமணத்துக்குத் திருச்சபை வழக்கமாக முன்வைப்பதும் அதுதான். இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக எழுந்திருக்கலாம். பெண் வீட்டார் திருப்பலிதான் வேண்டும் என்றால் விட்டுக்கொடுங்கள்; அவர்கள் பெண்ணுக்கும் அது ஒரு நாள்தான். முழங்காலை ஒதுக்கிக்கொள்ளப் பழகலாம். வேண்டுமானால் எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று சொல்லித் தருகிறேன்.

எங்கள் குடும்பப் புலனக் குழுவில் 43 பேர். மச்சான் (சுயாதீன சபை) தினமும் இஸ்ரேல் கொடி, தீர்க்கதரிசனம். சித்தப்பா (கத்தோலிக்கர்) தினமும் காசா படங்கள். ‘நீ கிறிஸ்தவனா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டு, மூன்று பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். அம்மா அழுகிறார். என்ன செய்ய?
*வாசகி, சுங்கை பட்டாணி*

1948இல் உருவான நாட்டை வேதத்தின் நிறைவேற்றமாகப் பார்க்கிற சபைகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற ஆங்கிலோ-ஐரிஷ் போதகர் பரப்பிய போதனைக்கு அதில் பெரும் பங்கு. அப்படிப் பார்க்காத சபைகளும் உண்டு. அதை வேதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதாடட்டும், தப்பில்லை. செத்தவர்களை வைத்து வாதாடுவதுதான் எனக்கு ஆகாது. 2023 அக்டோபர் 7ஆம் தேதி இஸ்ரேலில் ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றார்கள். அதே மாதம் 19ஆம் தேதி, காசாவின் பழமையான புனித போர்பிரியுஸ் ஆர்த்தடாக்ஸ் ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்த கிறிஸ்தவர்களும் செத்தார்கள். போப் பிரான்சிஸ் தான் இறக்கும்வரை ஏறக்குறைய தினமும் காசாவின் திருக்குடும்ப ஆலயத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். மச்சான் அனுப்பினாலும், சித்தப்பா அனுப்பினாலும், அந்தப் படத்தால் அங்கே யாருக்கும் ஒரு போத்தல் தண்ணீர்கூடப் போய்ச் சேரவில்லை.

குழுவுக்கு நீங்கள்தான் நிர்வாகி என்றால், பிறப்பு, இறப்பு, கலியாணம், யார் ஆஸ்பத்திரியில் என்பது மட்டும் வரலாம் என்று எழுதிப் போடுங்கள். வாதாட வேண்டியவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசட்டும். போனில் ‘நீ கிறிஸ்தவனா?’ என்று கேட்பது கொஞ்சம் கஷ்டம். எதிர்ப்பக்கம் இருமுவது கேட்கும். போன மூன்று பேரை அம்மாவே கூப்பிட்டுத் திரும்ப அழைக்கட்டும். நீங்கள் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

போன இதழில் எங்கள் தாமான் (குடியிருப்பு) உபவாச ஜெபத்தைக் ‘கத்தல்’ என்று எழுதியிருந்தீர்கள். மற்ற சபைகளுக்கு மரியாதை, எங்களுக்கு மட்டும் கேலியா?
*பெந்தெகொஸ்தே வாசகர், சுங்கை சிப்புட்*

நீங்கள் கேட்டது நியாயம். எழுதும்போதே அந்தச் சொல் கொஞ்சம் இனித்தது. இனிக்கிற சொல்லைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்.

2019இல் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து 11 நாள் வார்டில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருக்கிற உங்கள் சபைச் சகோதரி, வெள்ளைச் சேலை, குந்துமணித் தங்கம் கிடையாது, 11 இரவும் ஃபிளாஸ்க்கில் மைலோவோடு வந்தார். அந்நிய பாஷையில் ஜெபிக்கிறவர். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்கார அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால், ஒரு கையைக் கட்டில் கம்பியில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மனைவியின் செபமாலை கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. என்னால் குனிய முடியவில்லை. அந்தச் சகோதரி தரையில் உட்கார்ந்து கையை விட்டு எடுத்தார். மாதாவிடம் ஜெபிப்பது தப்பு என்று என்னிடமே மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறவர். அந்த எண்ணத்தை அவர் இன்றுவரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. செபமாலையில் ஒட்டியிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் மணி மணியாகத் துடைத்து, மனைவியின் நல்ல கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மைலோவை ஊற்றிக் கொடுத்தார்.

‘கத்தல்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒலிபெருக்கியைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. இரவு 10 மணிக்கு மேல் அதைக் கொஞ்சம் குறையுங்கள் தம்பி. என் மனைவி தூங்குகிற நேரம்.